ஈ உட்காராத கீரை

அத்தியாயம் ஏழு

"மதியம் ஒரு மணி. அதுக்கு மேல என்னால எதுவும் உறுதி சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா.

கறார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே கால். ஆஸ்பத்திரிக் கடிகாரத்தை நம்பாமல் தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். அதுவும் பத்தே காலைத்தான் காட்டியது.

கறார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. முப்பது வருஷம் போலீஸில் துப்பறியும் வேலை. யார் எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்று கேட்டே காலம் தள்ளியவர். ரிட்டயரான பிறகும் அந்த வியாதி குணமாகவில்லை. அதை நம்பித்தான் டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். கூடவே இருந்தது அவருடைய மச்சினி, செத்துப்போன மனைவியின் தங்கை. போலீஸ் தகவல் அறையில் இருபது வருஷம் டெலிபோன் எடுத்தவள். ஒரு நாள் மேலதிகாரியிடம் வாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வேலைதான் போயிற்று. வாய் அப்படியே இருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் ஆறு வயதுப் பெண் குழந்தை படுத்திருந்தது. கால் மட்டும் விட்டுவிட்டுத் துடித்தது. மற்றபடி அசைவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு தாய்க்காரி நின்றாள். தையல்காரி. கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டே இருந்தது. மிஷினை விட்டு எழுந்தவள் அப்படியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

"விஷம்னு தெரியுது," என்றார் டாக்டரம்மா. "பயிருக்கு அடிக்கிற மருந்து மாதிரிதான் இருக்கு. ஆனா அதுல பல ஜாதி. வழக்கமா குடுக்கிற மாத்து மருந்துக்கு அசையல. இன்னொண்ணு இருக்கு. பேர் தெரியாம அதைப் போட்டா நானே கொன்ன மாதிரி ஆயிடும். ரத்தம் வெளியூருக்குப் போயிருக்கு. நாளைக்குத்தான் தகவல் வரும். குழந்தை அது வரைக்கும் தாங்காது."

"போலீஸ்?"

"வந்தாங்க. எழுதிக்கிட்டுப் போனாங்க."

"அவங்க கையெழுத்து நல்லா இருக்கும்," என்றாள் மச்சினி.

தையல்காரி திரும்பினாள். "மருந்தே அடிக்காத கீரைங்கய்யா. அதுக்குன்னே தேடிப் போய் வாங்கினேன். வீட்டுக்குக் கீழேயே காய்கறிக் கடை இருக்கு. அங்க மருந்து அடிச்சதுன்னு பயந்து ரெண்டு பஸ் மாறிப் போனேன். மூணு தடவை கழுவினது, அப்படியே சாப்பிடலாம்னு சீட்டு ஒட்டியிருந்தது. இவ பச்சைக் கீரையை முயல் மாதிரி கொறிப்பா. நேத்து சாயங்காலம் நான்தான் தட்டுல வச்சுக் கொடுத்தேன். என் கையாலேயே கொடுத்தேன்."

 மிச்சமிருந்த கீரையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

கறார் கீரைக் கட்டை வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளங்கை அகலத்துக்கு இலைகள். எல்லாவற்றிலும் ஓட்டை. பூச்சி தின்ற கீரை என்றால் மருந்து படாத கீரை என்று ஜனங்கள் நம்புகிறார்கள். கறார் பூச்சியையும் நம்புகிறவரல்ல. ஓர் இலையைப் பிரித்தார். அடுத்ததைப் பிரித்தார். பிறகு எல்லாவற்றையும் பழையபடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டை வழியாகப் பார்த்தார். கடைசி இலை வரைக்கும் குழாய் மாதிரி நேராகப் போனது. அந்தக் கோடியில் மச்சினியின் மூக்குத்தி தெரிந்தது.

"இந்தப் புழு ரொம்ப ஒழுக்கமான புழு அத்தான்," என்றாள் அவள். "வரிசை தப்பாமத் தின்னிருக்கு."

"பூச்சி கடிச்சா ஓரம் காய்ஞ்சு பழுப்பாகும். இது பச்சையாவே இருக்கு. பறிச்ச பிறகு போட்ட ஓட்டை." கறார் கட்டை மறுபடி பைக்குள் வைத்தார். "வண்டியை எடு."

*

கடை சின்னதுதான். ஆனால் அலங்காரம் பெரிது. சணல் சாக்கு, மூங்கில் கூடை, மண்ணோடு கிடந்த கிழங்கு. சுவரில் ஒரு கரும்பலகை. எந்தக் காய் எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை மைல் கடந்து வந்தது என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது. கீரைக்கு நேரே 'ஏழு மைல், தோட்டக்காரி' என்று இருந்தது.

கடைக்காரர் ஒல்லியான ஆள். சாவு வீட்டில் பேசுவதைப்போல் மெதுவாகப் பேசினார்.

"வாங்க. எல்லாமே பக்கத்துல விளைஞ்சது. ரசாயனம் கிட்டயே வராது."

"புழு எங்கே?" என்றார் கறார்.

"என்னது?"

"கீரையைத் தின்ன புழு. பார்க்கணும்."

கடைக்காரர் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் மச்சினி கல்லாவுக்குப் பின்னால் போய் இழுப்பறையைத் திறந்துவிட்டாள். பெல்ட்டில் ஓட்டை போடுகிற குறடு ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். அதன் வாயில் பச்சையாகச் சாறு ஒட்டியிருந்தது.

"புழு கிடைச்சாச்சு. இரும்புல செஞ்சது. பல்லு ரொம்பக் கூர்மை."

கடைக்காரரின் முகம் தொங்கிப்போனது. கறார் கல்லா மேல் கையூன்றி முன்னால் குனிந்தார். "ஆறு வயசுப் பொண்ணு ஆஸ்பத்திரில கிடக்கு. உன் கடைக் கீரை. எந்தச் சந்தையில மருந்தடிச்ச கீரையை வாங்கி ஓட்டை போட்டு வித்தே? அடிச்ச மருந்து பேர் என்ன? எனக்கு அது மட்டும்தான் வேணும். உன்னை அப்புறமா வந்து உதைச்சுக்கிறேன்."

"ஐயோ, சத்தியமா நல்ல கீரைங்க. தோட்டக்காரிகிட்டதான் வாங்கினேன்."

"நல்ல கீரைக்கு எதுக்குய்யா குறடு?"

கடைக்காரர் கண்ணைத் துடைத்தார். "ஓட்டை இல்லேன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. இவ்வளவு பளபளன்னு இருக்கே, நீங்க ஏமாத்துறீங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க. ஓட்டை போட்ட அன்னைக்கே எல்லாம் வித்துப் போச்சு."

கறார் இதைக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை. "கடையைச் சாத்து. ஒரு இலை வெளியே போகக் கூடாது," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். மச்சினி கீரைக் கூடையைச் சாக்கு போட்டு மூடிக் கட்டிவிட்டுத்தான் கிளம்பினாள்.

*

ஏழு மைல் என்று எழுதியிருந்ததை வண்டியின் முள்ளில் கறார் சரிபார்த்துக்கொண்டே போனார். ஏழுதான். அந்த ஒன்றாவது பொய்யில்லை.

தோட்டம் முழுக்க வெள்ளை வலை கட்டியிருந்தது. உள்ளே பாத்தி பாத்தியாகக் கீரை. ஓட்டை விழுந்த இலை ஒன்றுகூடக் கிடையாது. தோட்டக்காரி ஐம்பதைத் தாண்டியவள். நகக்கண்ணெல்லாம் மண். விஷயத்தைச் சொன்னதும் அவள் கத்தவில்லை, அழவில்லை. குனிந்து பாத்தியில் நாலு இலை கிள்ளினாள். வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

"என் பேரப்பிள்ளையும் இதைத்தான் திங்குது. வலையைப் பிரிச்சுக் காட்டவா? மருந்து டப்பா வச்சிருக்கேனான்னு கொட்டகையைப் பார்க்கிறீங்களா?"

"பார்க்கிறேன்," என்றார் கறார். போய்ப் பார்த்தார். மண்வெட்டி, சாணி, மக்கிய இலை, ஒரு பழைய செருப்பு. மோந்தும் பார்த்தார். சாணிதான் நாறியது.

திரும்பி வந்தபோது மச்சினி குறட்டைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தாள். இப்போதுதான் தோட்டக்காரிக்குக் கோபம் வந்தது.

"ஓட்டை போட்டானா? நான் முதுகு ஒடிய வலை கட்டி ஓட்டை விழாமப் பார்த்துக்கிறேன், இவன் உட்கார்ந்து ஓட்டை போடுறானா? நல்லா இருப்பானா அவன்?"

"அதை விடும்மா. கழுவிக் கொடுக்கிறது யாரு?"

"எதைக் கழுவுறது?"

"கீரையை. மூணு தடவை கழுவினதுன்னு சீட்டு ஒட்டியிருக்கு."

தோட்டக்காரி அவரை ஒன்றும் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "வேரோட, மண்ணோடதான் கட்டிக் கொடுப்பேன். ஈரமாக் கட்டினா கட்டுக்குள்ள வெந்து அழுகிப் போகும். கழுவுறது அவன் வேலை. அவன் கடையில பின்பக்கம் ஒரு அறை இருக்கு. என்னை உள்ள விட மாட்டான்."

கறார் மணி பார்த்தார். பதினொன்று நாற்பது. வந்த வேலை வீண் என்று எந்தத் துப்பறிகிறவனுக்கும் தோன்றியிருக்கும். அவருக்கு மட்டும் தோன்றவில்லை. கீரை சுத்தம். அப்படியென்றால் விஷம் பாத்தியில் ஏறவில்லை. பாத்திக்கும் குழந்தையின் தட்டுக்கும் நடுவில்தான் எங்கேயோ ஏறியிருக்கிறது.

"அத்தான், கெட்டவன் நல்லவனாயிட்டான்," என்றாள் மச்சினி, வண்டியை உதைத்துக்கொண்டே. "இனி யாரைத் திட்டுறது?"

"வாயை மூடிட்டு வேகமாப் போ."

"ரெண்டுல ஒண்ணுதான் முடியும்."

*

பின்னறைக் கதவைக் கடைக்காரர் திறந்தார்.

ஈ. முதலில் கண்ணில் பட்டது ஈதான். அழுகிய தக்காளிக் கூடையில் கறுப்பாய் அப்பிக் கிடந்தது. ஈரச் சாக்கில் மொய்த்தது. மச்சினியின் முகத்தில் வந்து உட்கார்ந்தது. அவள் கையால் விசிறிக்கொண்டாள். "முன்னாடி இயற்கை, பின்னாடி அதைவிடப் பெரிய இயற்கை."

கறார் அறையின் நடுவில் நின்று மெதுவாகத் திரும்பினார். ஜன்னலடியில் ஒரு நீலத் தொட்டி, முக்கால்வாசி தண்ணீர். மேலே நேற்றைய கீரைத் துணுக்குகள் மிதந்தன. விளிம்பில் ஈரம். ஈ விரும்புகிற இடம். ஆனால் அதன் மேல் ஒரு ஈ இல்லை. அதைச் சுற்றித் தரையில் மட்டும் கடுகு கொட்டியதுபோல் கறுப்பாய் ஒரு வட்டம். அவர் குனிந்து பார்த்தார். எல்லாம் செத்த ஈ. நடுவே ஒரு பல்லியும் கிடந்தது, வயிற்றை மேலே காட்டிக்கொண்டு.

மச்சினியின் கை தானாக நின்றது. 

"இது எப்போ வந்த தொட்டி?" கறாரின் குரல் தாழ்ந்திருந்தது.

"முந்தாநாள். பழைய சிமென்ட் தொட்டி வெடிச்சுப் போச்சு. பழைய சாமான் கடைக்காரர் டிரம்மைக் குறுக்கே அறுத்து விப்பாரு. அடிப்பாதியை வாங்கிட்டு வந்தேன். சோப்புப் போட்டுத் தேய்ச்சுத்தான்..."

"டிரம்முக்குள்ள முன்னாடி என்ன இருந்தது?"

"கேட்கலீங்க."

கறார் நிமிர்ந்தார். முன்னறைக் கரும்பலகையைக் கதவு வழியே காட்டினார். "கீரை எங்கிருந்து வருதுன்னு மைல் கணக்கு எழுதி வச்சிருக்கே. தோட்டக்காரி என்ன உரம் போடுறான்னு துருவித் துருவிக் கேட்டிருப்பே. அந்தக் கீரையை முக்கின தொட்டி எங்கிருந்து வந்ததுன்னு ஒரு வார்த்தை கேட்கல?"

கடைக்காரர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். "முந்தாநாள்ல இருந்து எத்தனை பேர் வாங்கினாங்க..."

"பெரும்பாலானவங்க வீட்டுல திரும்பக் கழுவியிருப்பாங்க, வேக வச்சிருப்பாங்க. உன் சீட்டை நம்பினவ ஒருத்திதான் மாட்டினா," என்றார் கறார். "யார் யாருக்குக் கொடுத்தியோ, ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுச் சொல்லு. இப்பவே. தொட்டியைத் தொடாதே."

டிரம்மின் அடிப்பாதியில் எழுத்து எதுவும் இல்லை. சீட்டை எப்போதும் மேல்பாதியில்தான் ஒட்டுவார்கள். பேர் அங்கே இருக்கிறது. மணி பன்னிரண்டே கால்.

*

பழைய சாமான் கடை ஒரு பாலத்துக்கு அடியில் இருந்தது. வெயிலே எட்டாத இடம். துருப்பிடித்த கட்டில், மூடியில்லாத அடுப்பு, கண்ணில்லாத ஒரு லாரியின் முகம். நடுவில் பழைய சாமான் கடைக்காரர் கவிழ்த்துப் போட்ட ஏதோ ஒன்றின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வேர்த்துக் கொட்டியது. பீடி பிடித்த விரல் நடுங்கியது.

"உடம்பு சரியில்லையா?" என்றார் கறார்.

"ரெண்டு நாளாத் தலை சுத்துது. வெயில்."

"இங்கே வெயிலே இல்லையே."

"அப்ப வயசு," என்று சிரித்தார் அவர்.

"நீல டிரம் அறுத்தீங்களே, மேல்பாதி எங்கே?"

"எந்த மேல்பாதி?"

மச்சினி அவர் உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரியவரே, கொஞ்சம் எழுந்திரிங்க. சிம்மாசனத்தைப் பார்க்கணும்."

அவர் எழுந்தார். நீலம். கவிழ்ந்த பாதி டிரம். பக்கவாட்டில் பாதி உரிந்த காகிதம், தலைகீழாக. அதில் ஒரு மண்டை ஓடு, அதுவும் தலைகீழாகச் சிரித்தது. கறார் மண்ணில் ஒருபக்கமாய்ப் படுத்து, கழுத்தைத் திருப்பிப் படித்தார். எழுத்து மங்கல். நீளமான பெயர். அவர் படித்த படிப்புக்கு வாயில் நுழையவில்லை.

"நீ படி. டாக்டரம்மாகிட்ட ஒவ்வொரு எழுத்தா சொல்லு."

மச்சினி போனைக் காதில் வைத்துக்கொண்டு மண்டியிட்டாள். இருபது வருஷம் டெலிபோனில் ஊர் பேர், வண்டி நம்பர் என்று சொல்லிப் பழகிய நாக்கு. ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தமாக, இரண்டு தரம் சொன்னாள். முதல்முறையாக அதில் கேலி இல்லை.

அந்தப்பக்கம் ஒரு மூச்சு சத்தம். "அதுதான்," என்றார் டாக்டரம்மா. "வழக்கமான ஜாதி இல்லை. நல்லவேளை, பேர் தெரியாம அந்த ஊசியைப் போடல. இதுக்கு வேற ஊசி இருக்கு. இருங்க, லைன்லயே இருங்க." ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது.

கறார் எழுந்து மண்ணைத் தட்டினார். "இனிமே இதுல உட்காராதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்களுக்கு வயசும் இல்லை, வெயிலும் இல்லை." பழைய சாமான் கடைக்காரர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கறார் விடவில்லை. "எத்தனை டிரம் வந்தது?"

"நாலு. ஒரு கிடங்கைக் காலி பண்ணினாங்க. சும்மாக் கொடுத்தாங்க."

"நாலு டிரம், எட்டுப் பாதி. கீரைக் கடையில ஒண்ணு. நீங்க உட்கார்ந்தது ஒண்ணு. மிச்சம்?"

"ரெண்டு அதோ, லாரிக்குப் பின்னாடி கிடக்குது. விக்கல."

கறார் போய்ப் பார்த்தார். இரண்டும் இருந்தன. ஒன்றுக்குள் ஒரு காக்கை இறகு விரித்துக் கிடந்தது. பறக்கிற வேகத்தில் செத்ததுபோல். "மிச்சம் நாலு?"

"ஒருத்தரே நாலையும் எடுத்துக்கிட்டாரு. நேத்துக் காலைல. பேரெல்லாம் கேட்கிறதில்ல. கவலைப்படாதீங்க, அது திங்கிற விஷயமில்ல. சுண்ணாம்பு அடிக்கிறவரு. சுண்ணாம்பு கரைக்கத்தான் வாங்கியிருப்பாரு."

"அவரே சொன்னாரா?"

"சொல்லணுமா? முழங்கை வரைக்கும் வெள்ளை. தலைமுடி, புருவம், எல்லாம் வெள்ளை. பார்த்தாலே தெரியாதா?"

மச்சினி நீளமாக மூச்சு விட்டாள். "அப்பாடா. சுவர் செத்தா நாம அழ வேண்டாம்."

கறாருக்கும் தோள் கொஞ்சம் இறங்கியது. வாழ்க்கையில் அபூர்வமாக ஒரு மனுஷன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமென்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவின் குரல் மறுபடி போனில் வந்தது. மச்சினி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஊசி போட்டாச்சு. கால் துடிப்பு நின்னிருக்கு. தாய்க்காரி கூப்பிட்டதுக்குக் குழந்தை கண்ணைத் திறந்து பார்த்துச்சு. பிழைச்சுக்கும்."

கண்ணாடிக் கதவை விட்டு உள்ளே போய்விட்டாளா அந்தத் தையல்காரி? பின்னால் ஒரு பெண் வாய்விட்டு அழுகிற சத்தம் போனில் கேட்டது. மச்சினி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா," என்றார் டாக்டரம்மா. குரல் மாறியிருந்தது. "இப்பதான் இன்னும் ரெண்டு குழந்தைங்களைத் தூக்கிட்டு வந்திருக்காங்க. அண்ணன், தங்கச்சி. அதே மாதிரி கால் துடிப்பு. அந்தக் கீரைக் கடைப் பக்கமே போனதில்லையாம். கீரையே சாப்பிட மாட்டாங்களாம்."

"கூட யாரு?" என்றார் கறார்.

"அப்பா. வேலையை விட்டு அப்படியே ஓடி வந்திருக்காரு. கையெல்லாம் வெள்ளை. என் கோட்டு முழுக்க ஒட்டிக்கிச்சு."

"சுண்ணாம்பா?"

"சுண்ணாம்பு இல்லீங்க. மாவு. ரொட்டிக்கடை வச்சிருக்காரு. நேத்து மாவு ஊற வைக்கப் புதுத் தொட்டி வாங்கினேன்னு அழுவுறாரு."

பாலத்துக்கு மேல் லாரி ஒன்று கடந்தது. கீழே இரும்பெல்லாம் அதிர்ந்தது. பழைய சாமான் கடைக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, அவர்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க," என்றார் கறார். "நாலு தொட்டி மாவு. இன்னைக்கு எத்தனை ரொட்டி சுட்டாரு?"

அந்தப்பக்கம் டாக்டரம்மா கேட்பது கேட்டது. ஆண் குரல் ஒன்று ஏதோ சொன்னது. டாக்டரம்மா அதையே அவரிடம் இன்னொரு தரம் கேட்டார்.

"எண்ணூறாம்," என்றார் கடைசியில். "எட்டு மணிக்கெல்லாம் வித்துத் தீர்ந்து போச்சாம்."